போன படம் திரும்புமா?

எங்கள் எரியோட்டில் தொலைந்த மாட்டைத் தேடிப் பிடிக்க ஆள் உண்டு. தொலைந்த போட்டோவைத் தேட யாரைக் கூப்பிடுவது, சொல்லுங்கள்! மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்த ஹார்டு டிஸ்க், திடீரென்று ஒருநாள், "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. மாமனார் இப்போது இல்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடையில் கேட்ட தொகை மயக்கம் வரவழைத்தது. "நானே பார்க்கிறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். விளம்பர மென்பொருள்களில் பல, படத்தைத் தூரத்தில் காட்டிவிட்டு, கையில் கொடுக்கக் காசு கேட்கும் ரகம். அவன் தேர்ந்தெடுத்தவை இரண்டும் இனாம். முதலில் டிடிரெஸ்க்யூ: நல்ல பகுதிகளை முன்னால் நகலெடுத்து, கெட்டுப்போன இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மூலத்தைத் தொந்தரவு செய்யாமல், அந்த நகலில்தான் ஃபோட்டோரெக்கை ஓட்டினான். டப்பாவில் பெயர்ச்சீட்டு கிழிந்துபோனால் முகர்ந்து பார்த்து, இது சீரகம், இது சோம்பு என்கிறோமில்லையா? அதே வித்தைதான்! ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுகிறது. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தமிட்டால் மட்டும் எந்த மென்பொருளும் வேண்டாம். உடனே நிறுத்திவிட வேண்டுமாம்.

படங்கள் பெயரில்லாமல், வெறும் எண்களோடு வந்தன. தாலி கட்டும் படத்தில் மேல்பாதிதான் மிஞ்சியது. கைகள் இருந்த இடம் ஒரே சாம்பல் நிறம்.

"முகம் வந்துவிட்டதே, போதும். கை எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார் அத்தை.