ஏசி பம்ப்

ஏப்ரல் 16, 2025
போடியிலிருந்து மறுபடியும் போன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஜீப் வேண்டுமாம். "ஓடுற வண்டின்னா ஒரு வெல, நின்ன வண்டின்னா ஒரு வெலம்மா." வீட்டுக்காரருக்குப் பதினாறு கும்பிட்ட அலைச்சல்கூட இன்னும் ஆறவில்லை. ஆனால் கரிமூட்டம் போட்டவர்களுக்கு அவர் தரவேண்டிய பாக்கி நோட்டில் இருக்கிறது. ஓடவைத்துக் கொடுத்துவிடலாம்.

ஏப்ரல் 18
மெக்கானிக் பாய் காலையிலேயே வந்தார். வண்டி மகிந்திரா சிஜே 3பி. 1953-ல் வில்லிஸ் கம்பெனி கொண்டுவந்த மாடல். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள், இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் செய்தார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலான ஜீப்புகளுக்கு டீசல் இன்ஜின் மாற்றியாயிற்று. வீட்டுக்காரர் மட்டும் பெட்ரோலை விடவில்லை.

டேங்க் சீட்டுக்கு அடியில், கார்புரேட்டர் இன்ஜின் தலையில். நடுவில் இருப்பது ஏசி பம்ப். இன்ஜின் ஓட ஓட ஒரு நெம்புகோல் ஏறி இறங்கி, உள்ளே இருக்கும் சவ்வை இழுத்து விடுகிறது. அந்த இழுப்பில்தான் பெட்ரோல் மேலே ஏறவேண்டும். பாய் கழற்றியபோது சவ்வு ஊறி, உப்பி, தொளதொளவென்று கையோடு வந்தது.

"எத்தனால் டீச்சர். பழைய ரப்பர் தாங்காது."

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார். மேலே வெளிறிய மஞ்சள். கீழே இரண்டு விரற்கடைக்குக் கலங்கலாக வேறொன்று. நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும் என்றார். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. கரும்புக்காரருக்கு நல்லதென்றால் இருக்கட்டும். பழைய வண்டி வைத்திருப்பவன் என்னென்ன மாற்றவேண்டும் என்று பங்க்கிலேயே தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டாமா?

ஏப்ரல் 19
கை கழுவியும் பெட்ரோல் வாடை போகவில்லை. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 26
டேங்கை இறக்கி, பழைய சைக்கிள் செயினையும் கொஞ்சம் டீசலையும் உள்ளே போட்டு, இரண்டு பையன்கள் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்கள். செங்கல் நிறத்தில் துரு கொட்டியது. பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

பம்ப்பைச் சுற்றி ஒரு சாக்குத்துண்டு, கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தது. காய்ந்து பலகையாகக் கிடந்தது. குப்பையென்று எடுக்கப் போனேன்.

"அது அண்ணன் கட்டுனது டீச்சர். எக்ஸாஸ்ட் பக்கத்துலதான பம்ப்பு இருக்கு? வெயில்ல லைனுக்குள்ள பெட்ரோல் ஆவியாகி ஏர்லாக் ஆயிரும். நடுரோட்டுல நிக்கும். சாக்குல தண்ணிய ஊத்திட்டு அரை மணி, முக்கா மணி நெழல்ல ஒக்காந்துதான் எடுக்கணும். கோடைல அருப்புக்கோட்ட போனா வாரப்ப ஒரு தடவ நிக்காம வராது."

பெட்ரோலில் லேசான பகுதி 40 டிகிரிக்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடுமாம். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச லைனுக்குள் அழுத்தம் குறைந்து இன்னும் சீக்கிரம் ஆவியாகும்.

ஒரு மணிக்குச் சோறு வடித்து வைத்தால் மூன்றுக்கு வருவார். கேட்டால், "திருச்சுழியில ஒரு ஆளப் பாத்தேன், பேசிக்கிட்டே நின்னுட்டேன்" என்பார். யார் என்று கேட்டால் பதில் இருக்காது. எத்தனை சண்டை. வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை.

சாக்குத்துண்டு திண்ணையில் இருக்கிறது.

மே 2
எழுத ஒன்றுமில்லை.

மே 6
அக்னி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள். கண்மாய்க் கரையில் கருவேல மரம்கூட வாடித் தெரிகிறது.

மகன் கோயம்புத்தூரிலிருந்து கரண்ட் பம்ப் அனுப்பியிருக்கிறான். பாய் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும், கார்புரேட்டர் நீடில் மூன்று, நாலு பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது, பெட்ரோல் பொங்கி இன்ஜின் மேலேயே வழியும் என்று அவருக்குக் கவலை. நல்லவேளை, இது மூன்றுதான். டேங்கை ஒட்டிக் கீழே வைக்கச் சொல்கிறார். இழுப்பதற்குப் பதில் தள்ளினால் லைன் முழுக்க அழுத்தம் நிற்கும், ஆவி கட்டாது. லைனையும் எக்ஸாஸ்ட்டை விட்டு விலக்கி, எத்தனால் தாங்கும் டியூபில் போடலாம் என்றார்.

போடிக்காரருக்கு ஏசி பம்ப்போடு ஒரிஜினலாக வேண்டுமாம். எனக்கு வேண்டாம்.

மே 14
ஓடுகிறது!

உச்சி வெயிலில் பாய் ஓட்ட, நான் பக்கத்தில். நரிக்குடி வழியாகத் திருச்சுழி, அங்கிருந்து அருப்புக்கோட்டை. இறங்கவில்லை, அப்படியே திரும்பினோம். எங்கும் நிற்கவில்லை. ரோட்டோரம் நிழல் விழுகிற ஒவ்வொரு புளியமரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றேகால்.

பாயைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சோறு சூடாகவே இருந்தது.

மே 21
சாவி போட்டாலே கரண்ட் பம்ப் ஓடுகிறது. இன்ஜின் நின்றாலும் ஓடுகிறது. வண்டி கவிழ்ந்தால்? ஏசி பம்ப்பில் இந்தப் பயம் இல்லை, இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று மாட்டினால், இன்ஜின் நின்று ஆயில் அழுத்தம் விழுந்ததும் பம்ப்புக்குக் கரண்ட் போகாது என்றார் பாய். மதுரையில் கேட்டுப் பார்க்கவேண்டும். "வாங்குறவங்க போட்டுக்கிருவாங்க டீச்சர்" என்றும் சொன்னார்.

போடி மெட்டு ஏறுகிற வண்டி. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள். சுவிட்ச் மாட்டாமல் வண்டி வாசலை விட்டு இறங்காது என்று போடிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"எத்தன நாளும்மா ஆகும்?"

தெரியாது என்றேன்.