காலனி ஜீப்பு

விடியக்காலம் நாலரை மணிக்குப் போடிநாயக்கனூர்த் தெருமுனைகளில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் மழைக்காகிதமுமாகப் பொம்பளைகள் நிற்பார்கள். ஜீப்பு வரும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் எல்லை கடந்து, தோண்டிமலை, பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். பொழுது சாய்ந்தால் திரும்ப ஏற்றிவரும். பத்துப் பேர் உட்காருகிற வண்டியில் இருபது பேர் இருப்பார்கள்.

மலையில் விளைந்த பொருளுக்கு எப்போதும் வழி இருந்தது. மூணாறுத் தேயிலையை இறக்க டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டினான் வெள்ளைக்காரன். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. பாடுபட்ட சனந்தான் தலைச்சுமையோடு ஒத்தையடிப் பாதையில் ஏறி இறங்கியது. என் அப்பத்தா அப்படி நடந்தவள். ஜீப்பு வந்தபிறகு கால்வலி குறைந்தது. வேறொரு வலி வந்து சேர்ந்தது.

முன்சீட்டு கங்காணிக்கும் அவர் சாதிப் பொம்பளைகளுக்கும். எங்க ஆளுகளுக்குக் கடைசிப் பலகை, இல்லையென்றால் பின்படி. எந்தத் தோட்டம், என்ன கூலி என்பதெல்லாம் ஜீப்புக்காரர் பேசி வைத்ததுதான். வண்டிச்சத்தம் பிடித்தது போக மீதிதான் கைக்கு வரும். ஏன் என்று கேட்டால் மறுநாள் காலனி முக்கில் வண்டி நிற்காது. கட்டிய சோற்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியது. இடுக்கித் தோட்டங்களில் தமிழ்க் கூலியாட்கள் தாக்கப்பட்டார்கள். காட்டுவழியே நடந்து போடிக்கு இறங்கியவர்கள் ஏராளம். எங்க சின்னாத்தாளும் அதில் ஒருத்தி. கல்லும் முள்ளும் குத்திய காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு சொன்னாள்: "கூட்டிட்டுப் போனவனுக்குத் திரும்பக் கொண்டாந்து விடணும்னு இல்லையேடா. வண்டி அவனுது, காலுதான நம்மளுது."

அந்தப் பேச்சுதான் ஜீப்பு வாங்குகிற யோசனையாக வளர்ந்தது. 2012இல் பதினோரு பொம்பளைகள் சேர்ந்தார்கள். குழுச் சேமிப்பு, அடகு வைத்த கம்மல், விற்ற ஆடு எல்லாம் கூடியது. படித்தவன் என்று என்னைக் கணக்கெழுத வைத்தார்கள். தேனிப் பக்கம் ஒரு பட்டறையில் கிடந்த 1994 மாடல் மகேந்திரா, 62,000 ரூபாய். தரைத்தகடு துருவேறிச் சல்லடையாக இருந்தது. பின்பக்கப் பலகையைச் செல் அரித்திருந்தது. பட்டையில் ரெண்டு முறிந்திருந்தது. ஸ்டியரிங்கை ஒரு சாண் சுற்றினால்தான் சக்கரம் அசையும். "எஞ்சினு மட்டும் தங்கம்" என்றார் பட்டறைக்கார பாய்.

எங்க தெருப் பையன்கள் ரெண்டு பேர் சின்ன வயசிலிருந்து பட்டறையில் கிரீஸ் துடைத்தவர்கள். ஊரான் வண்டிக்கே உழைத்த கை. அவர்கள்தான் சேஸ் வரைக்கும் பிரித்துப்போட்டு வெல்டிங் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்பளைகள் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார்கள். முதலில் பெயிண்டு அடிக்கலாம் என்றார்கள் பையன்கள். சின்னாத்தா விடவில்லை. "ஏறுறதுக்கு எஞ்சினு, இறங்குறதுக்குப் பிரேக்கு. நாம இறங்கி வீடு வந்து சேரணும்ல." நாலு சக்கரத்துக்கும் லைனர் மாற்றிய பிறகுதான் பெயிண்டு. வேலை முடிய ஐம்பது நாள், 47,000 ரூபாய் ஆனது.

அடுத்த சண்டை ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் என்பது. ஆம்பளை பேரில் இருந்தால்தான் ஆபீசில் மதிப்பான் என்றார்கள் சித்தப்பன்மார். பணம் போட்டது பொம்பளைகள் என்று சின்னாத்தா பேருக்கே மாற்றினோம். அவள் தாலி அறுத்தவள், கைநாட்டு. ஒருநாள் சோதனைச் சாவடியில், "ஓனர் யாரு?" என்று கேட்டார் போலீஸ்காரர். பின்பலகையிலிருந்து, "நாந்தேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் பிரித்தார். பேரைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்பேத்கர் படத்தை முன்கண்ணாடியில் ஒட்டணும் என்றார்கள் பையன்கள். மற்ற வண்டிகளில் அவரவர் சாதித் தலைவர் படம் இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். 1989இல் போடிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த கிழவிகளுக்குப் பயம். கண்ணாடி உடைந்தால் யார் காசு? கடைசியில் படம் உள்ளே, டிரைவர் தலைக்கு மேலே ஒட்டப்பட்டது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. படம் உள்ளே இருந்தும் ஊருக்குள் அது 'காலனி ஜீப்பு'தான். அடைமழையில் வேறு வண்டி இல்லாமல் நின்றவர்களில் ஏறியவர்களும் உண்டு, நனைந்தாலும் ஏறாதவர்களும் உண்டு.

பங்குக்காரப் பொம்பளைகளும் டிரைவருமாகப் பன்னிரண்டு பேர், அதற்குமேல் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம். அது லேசான முடிவில்லை. இடம் இல்லை என்று எங்க தெருக்காரிகளையே விட்டுப்போக வேண்டியிருந்தது, அதில் பேச்சுவார்த்தை அறுந்த வீடுகள் உண்டு. டீசலுக்குச் சமபங்கு. பிள்ளைத்தாச்சிக்கு முன்சீட்டு.

கூலியிலும் மாற்றம் வந்தது. கூலி கட்டாத தோட்டத்தைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்கு வண்டியை விட முடிந்தது. முதல் வருசமே தலைக்கு 30 ரூபாய் கூட்டிப் பேசினார்கள். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. எங்களுக்குத் தெரிந்த தோட்டங்களில் அதற்கு ஈடாகக் கூலி ஏறவில்லை. ஒரு ஜீப்பால் அதைத் திருப்பிவிட முடியாது. ஆனால் "நாளைக்கு வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் வேறு இடத்தில் காய் எடுக்க முடியும். அந்த வார்த்தையைச் சொல்ல எங்க சனத்துக்கு இத்தனை காலம் வண்டி இல்லாமல் இருந்தது.

2021இல் அந்த ஜீப்பைக் கழித்து இன்னொன்று வாங்கினோம். அதுவும் பழசுதான், அதுவும் பட்டறையில் நாற்பது நாள் கிடந்ததுதான்.

கூலி எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று கணக்கெடுக்கத் தோழர்கள் எங்க ஊர்களுக்கு வருகிறீர்கள். கூடவே ஒன்றைக் கேளுங்கள்: உங்களை வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டி யாருது?