ஆயுட்கால உத்தரவாதமுள்ள ஒரு சவரக்கருவி

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் ஒரு பொருளை வாங்குமுன் அதனைக் கையிலெடுத்துத் தூக்கிப் பார்ப்பர். இடம் மாற நேர்ந்தால் இதைக் கொண்டு செல்லலாமா என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. இலண்டனுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் பயணப் பெட்டிகளை அலுமாரிக்கு மேல் தயாராக வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். எமது வீடும் அவற்றுள் ஒன்றே. அத்தகைய வீட்டிற்கு, 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று அச்சிடப்பட்ட அட்டையோடு ஒரு சவரக்கருவி சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் வந்து சேர்ந்தது.

வாங்கித் தந்தவள் மகள். தனது முதற் சம்பளத்தில் தாய்க்கு ஒரு சேலையும் தந்தைக்கு இதுவும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். இங்கிலாந்திலுள்ள ஒரு சிறு பட்டறையில், துருப்பிடிக்காத உருக்கைக் கடைந்து, ஒவ்வொன்றாகக் கையால் மெருகிட்டுச் செய்யப்படும் கருவியாம். விலை இருநூறு பவுணுக்குச் சற்று மேல். விலையைக் கேட்ட என் மனைவி, "உந்தக் காசுக்கு ஊரிலை ஒரு வோட்டர் பம்பே வாங்கலாமே" என்றாள். அவள் சொன்னது மிகையன்று. ஊரில் தோட்டஞ் செய்யும் அவளது தமையனாருக்கு அவ்வாறானதொரு பம்பு தேவைப்பட்டிருந்த காலமும் அதுவே. எனவே இந்தக் கருவியை நான் வெறும் ஆசைக்காகப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. அது அந்தப் பணத்துக்குத் தகுமா என்று எங்கள் வீட்டில் விடை சொல்ல வேண்டியிருந்தது.

கருவி மூன்று துண்டுகளாகக் கழன்றது. மேல்மூடி, அடித்தட்டு, கைபிடி, அவ்வளவே. இடையில் செருகப்படுவது நாம் ஊரில் கண்டு பழகிய அதே இருபுறக் கூருள்ள பிளேட். 43 மில்லிமீற்றர் நீளம், 22 மில்லிமீற்றர் அகலம், ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்பு. இத்தனை மெல்லிய தகடு தனியே நின்றால் துவளும். மேல்மூடியின் வளைவு அதனை வளைத்து, கூரின் ஓரம் வரை இறுக்கிப் பிடிக்கும்போதே அது விறைப்புப் பெறுகிறது. விறைத்த பிளேட் முடியிற் படும்போது அதிர்வதில்லை. அதிராத பிளேட் தோலைப் பிறாண்டுவதில்லை. பிளேட்டின் கூர் எவ்வளவு வெளியே தெரிய வேண்டும், அடித்தட்டின் ஓரத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும் கணக்குகள். இரு பக்கத்துக் கூரும் மயிரிழையும் பிசகாமல் ஒரே அளவாய் நிற்றல் வேண்டும். கைவினைஞர் பணம் வாங்குவது இதற்கே. மற்றைய பளபளப்பெல்லாம் கண்ணுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெற்றோல் நிலைய இரவு வேலை முடிந்து வந்து, அவசரமின்றிக் குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். சுடுநீரால் முகத்தை நன்கு நனைத்து, சவர்க்காரத்தைப் பிறஷினால் நுரைக்கச் செய்து பூசினேன். கருவி நூறு கிராமுக்கு மேல் கனமுடையது. ஆகையால் கையால் அழுத்துதல் கூடாது. அதன் பாரமே போதும். மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கைபிடியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, பிளேட் தோலோடு ஏறத்தாழ முப்பது பாகைக் கோணத்தில் சேரும் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். அந்த இடத்தை அடைந்ததும் முடி அறுபடும் ஓசை காதில் விழுகிறது. பல அலகுள்ள றேசர்களில் நான் அவ்வோசையைக் கேட்டதே இல்லை. முடி வளரும் திசையில் ஒரு தரம். மீண்டும் நுரை பூசிக் குறுக்காக ஒரு தரம். கழுத்தில் மட்டும் இரண்டாம் முறை வேண்டாமென விட்டேன். குளிர்நீரால் கழுவிப் படிகாரக் கட்டியைத் தடவினேன். தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மாத்திரம் சுரீரென்றது. எல்லாமாகப் பன்னிரண்டு நிமிடங்கள்.

கழுத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எம்மவரில் சுருள்முடி உடையோர் பலருக்குக் கழுத்தில் சிறு சிறு பருக்கள் எழும்பி, கறுத்து, சில வேளைகளில் சீழும் கட்டுவதுண்டு. எனக்கும் பல ஆண்டுகளாக இருந்தது. வேலைத்தலத்தில் முகம் நாள்தோறும் மழிந்திருக்க வேண்டுமென்பது விதி. மழித்தால் மறுநாள் எரிவு. இதன் காரணம் எளிது. பல அலகுள்ள றேசரில் முதல் அலகு முடியைச் சற்று இழுத்துப் பிடிக்க, அடுத்த அலகு அதனைத் தோலின் மட்டத்திற்கும் கீழே வெட்டிவிடும். நேரான முடி மீண்டும் வெளியே வந்துவிடும். சுருண்ட முடியோ உள்ளேயே வளைந்து தோலைக் குத்தும். ஒற்றை அலகு அவ்வளவு ஆழமாக வெட்டுவதில்லை. ஆறு வாரங்களில் என் கழுத்தில் புதிய பருக்கள் எழும்புவது பெரிதும் குறைந்தது. பழைய தழும்புகள் போகவில்லை. அவற்றை எந்தக் கருவியும் போக்காது.

என் தந்தையாரின் கழுத்தில் அத்தகைய தழும்பு எதுவும் இருந்ததில்லை. கொக்குவில் வீட்டில், கிணற்றடி வேம்பில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று, இதே வடிவான ஒரு கருவியினாலேயே அவர் சவரம் செய்வார். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், தேய்ந்த பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசின் உட்புறத்தில் வைத்து விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துக் கூராக்குவார். அதன்பின் அதே பிளேட் மேலும் சில நாள் உழைக்கும். முற்றாய்த் தேய்ந்ததைப் பாதியாக முறித்து எங்கள் பென்சில் பெட்டிக்குத் தருவார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் ஊடாகவும் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் கையில் உறுதிப் பத்திரங்களும் அம்மாவின் மருந்துகளும் இருந்தன. சவரக்கருவி யன்னற்கட்டில் இருந்துவிட்டது. மறுவருடம் திரும்பிச் சென்றபோது யன்னலே இருக்கவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

1998 இல் அவர் காலமானார். அகதி விண்ணப்பம் தீராத நிலையில் நான் இலண்டனை விட்டு வெளியேற முடியாதிருந்தேன். என் பெறாமகனே கொள்ளி வைத்தான். கொள்ளி வைக்கும் மகன் மீசையை மழித்துக்கொள்வது எங்கள் பகுதி வழக்கம். எட்டுப் பேர் தங்கியிருந்த வீட்டின் குளியலறையில், ஒருமுறை பாவித்து எறியும் றேசரால் நானும் மீசையை மழித்துவிட்டு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்த ஒருவர், "இளமையாகத் தெரிகிறீர்கள்" என்றார்.

இந்தக் கருவியின் வரலாற்றையும் பார்ப்போம். அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெற், எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேட்டுள்ள கருவிக்கு 1904 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அத்தனை மெல்லிய உருக்கைக் கடினமாக்கும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர். விற்பனை தொடங்கிய 1903 இல் விலைபோனவை வெறும் 51 கருவிகள். அடுத்த ஆண்டு தொண்ணூறாயிரத்துக்கும் மேல். தொடக்க விலை 5 டொலர். அக்காலத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. இன்று இருநூறு பவுணைக் கேட்டுத் திகைக்கும் நாம், இது பிறந்தபோதே பணக்காரப் பொருளாகத்தான் பிறந்தது என்பதை அறிந்துகொள்ளலாம். 1921 இல் காப்புரிமை முடிவுற்ற பின்னரே அது மலிந்து, எங்கள் ஊர்க் கிணற்றடி வரை வந்தது. ஹவுன்ஸ்லோ, ஒஸ்ரலி, ஐசில்வேர்த் பகுதிகளில் வாழும் வாசகர்கள் கிறேற் வெஸ்ற் வீதியில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கும் செங்கற் கட்டடத்தைக் கண்டிருப்பார்கள். 1937 இல் திறக்கப்பட்ட ஜில்லெற் தொழிற்சாலை அதுவே. 2006 இல் உற்பத்தி போலந்துக்கு மாற்றப்பட்டு அது மூடப்பட்டது. பிக்கடிலிக்குப் பின்புறம் ஜேர்மின் வீதி, சென்ற் ஜேம்ஸ் வீதிப் பக்கமாகச் சவரப் பொருட்களுக்கே பேர்போன பழைய கடைகள் உள, டி.ஆர். ஹரிஸ் 1790 இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பகுதி அலுவலகங்களை இரவில் துப்புரவு செய்துவிட்டு விடியப்புறம் அக்கடைகளின் கண்ணாடிகளைக் கடந்து பேருந்துக்கு நடந்திருக்கிறேன். உள்ளே இருப்பவை சவரக்கருவிகள் என்று அப்போது உற்றுப் பார்த்ததில்லை.

இனி மனைவியின் கேள்விக்கு வருவோம். நூறு பிளேட் கொண்ட பொதி ஏறத்தாழ 12 பவுண். ஒரு பிளேட் நான்கு சவரத்திற்கு உழைக்கும். ஆக ஒரு சவரத்திற்கு 3 பென்ஸ். நான் முன்னர் பாவித்த அலகுத் தலை ஒன்று 3 பவுண். பத்துத் தடவைக்கு மேல் உழைக்காது. ஒரு சவரத்திற்கு 30 பென்ஸ். ஆண்டொன்றில் முந்நூறு சவரமென்றால் 9 பவுணும் 90 பவுணும். மிச்சம் 81 பவுண். மகள் கொடுத்த விலை இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். ஆனால், முப்பது பவுணுக்கும் நல்ல உலோகக் கருவிகள் கிடைக்கின்றன. அதன் விலை ஐந்து மாதத்திற்குள் திரும்பிவிடும். அயலவர் ஒருவரிடம் அத்தகையதொன்றை இரவல் வாங்கி இரு வாரம் பாவித்துப் பார்த்தேன். கையில் கனம் குறைவு. கோணத்தில் சற்று அதிக கவனம் வேண்டும். கழுத்தோ வித்தியாசம் அறியவில்லை. ஆகவே, கழுத்துப் பருவால் வருந்தும் வாசகருக்கு நான் சொல்லக்கூடியது, முப்பது பவுணே போதும் என்பது. எஞ்சிய நூற்றெழுபதும் கைவினைக்கும் அந்த உத்தரவாத அட்டைக்கும் உரியது. மனைவியிடம் இதை அப்படியே சொன்னேன். மாசியில் பம்புக்கும் பணம் அனுப்பினோம்.

பிளேட்டை வீட்டுக் குப்பைப் பையில் எறிய வேண்டாம். துப்புரவுத் தொழிலாளியின் கையைக் கிழிக்கும். வெற்றுப் பால்பேணியின் மூடியில் ஒரு கீறலிட்டு அதற்குள் போட்டு வருகிறோம்.

மகனுக்குப் பதினேழு வயது. மேலுதட்டில் அரும்பியதை எடுக்க எனது கருவியைக் கேட்டான். புதுப் பிளேட்டை மாட்டிக் கொடுத்து, கோணத்தை அவன் கையைப் பிடித்தே காட்டினேன். என் தந்தையார் எனக்குக் காட்டியதும் அப்படித்தான். அட்டையை வாசித்துவிட்டு, ஆயுட்காலம் என்பது கருவியின் ஆயுளா, உங்கள் ஆயுளா, என் ஆயுளா என்று கேட்டான். அதில் விபரமில்லை. இம்முறை நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது இதையும் கொண்டுபோக வேண்டுமென்கிறான். பிளேட்டுகளைக் கைப்பையில் வைக்க விமான நிலையத்தில் விடமாட்டார்கள். கருவியை மட்டும் கையில் எடுத்துச் சென்று, பிளேட்டை யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.