வெங்காயம் பெயர் சொல்லாது

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில், சிப்காட் நெருங்கினால் ஜன்னலை மூடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூக்குக்குத் தெரிந்தால் போதாது, ஆதாரம் கேட்பார்கள். 2004இல் அந்தப் பகுதி ஊர்க்காரர்களே வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

தண்ணீருக்கு வெங்காயம் இருக்கிறது. வேர் நுனியில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. நஞ்சு பட்டால் வளர்ச்சி தடைபடும். 1938இல் சுவீடனில் ஆல்பர்ட் லெவான் தொடங்கிவைத்த சோதனை இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஆலைக் கழிவுநீரில் விதைகளை முளைக்கவிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செல் பிரிதலை வெங்காயத்தை வைத்துத்தான் நடத்துவேன். ஒரு மாணவி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். பள்ளிக் குடிநீரில் வேர் விரல் நீளம். அவள் தண்ணீரில் நகத்தளவுகூட இல்லை.

"என்ன விஷம் சார்?"

"வெங்காயம் பெயர் சொல்லாதும்மா. வெறும் உப்பு அதிகமானாலும் வேர் குறுகும். ஆய்வகம்தான் சொல்லணும்."

"அதுவரைக்கும் குடிக்கலாமா சார்?"

"வேண்டாம்மா."

வேர் நீளமாக வளர்ந்தாலும் குடிக்கத் தகுந்தது என்று அர்த்தமில்லை. கிருமியை அது காட்டாது.

சந்தேகம் இருப்பவர்கள் செய்து பாருங்கள். ஒரே அளவில் பத்து வெங்காயம். ஐந்து நல்ல தண்ணீரில், ஐந்து சந்தேகத் தண்ணீரில், அடிப்பாகம் மட்டும் நனையும்படி. நிழலில் வையுங்கள், தினமும் அதே தண்ணீரை மாற்றுங்கள். ஐந்தாம் நாள் அளந்து, தேதியோடு படம் எடுத்து, தண்ணீரைச் சோதிக்கக் கேட்கும் மனுவோடு இணையுங்கள்.