லார்டும் ரொட்டியும்

ஆபீஸில் எவனாவது ரொம்ப அலட்டிக்கொண்டால், 'பெரிய லார்டு லபக்குதாஸ்!' என்கிறோம். லபக்குதாஸை விடுங்கள். லார்டின் பூர்வீகத்தைத் தோண்டினால் ரொட்டி வாசனை அடிக்கிறது!

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்த வார்த்தை 'ஹ்லாஃப்வேர்ட்'. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதன் வாரிசுதான். 'வேர்ட்' என்றால் காவல்காரர். ஆக, ரொட்டியைக் காவல் காக்கிறவர் நாளடைவில் தேய்ந்து தேய்ந்து லார்டு ஆகிவிட்டார்.

சரி, லேடி? அவர் 'ஹ்லாஃப்டியே'. ரொட்டிக்கு மாவு பிசைகிறவர். 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்று மைக்கில் முழங்கும்போதெல்லாம் மாவு பிசைகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறோம்.

ஒருத்தர் பிசைகிறார், ஒருத்தர் காவல் காக்கிறார். தின்பவன்? அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. 'ஹ்லாஃபேட்டா'. ரொட்டி தின்கிறவன், அதாவது எஜமானை அண்டிப் பிழைக்கிற வேலையாள். நம்ம ஆள் சார்!

கி.பி. 600 வாக்கில் கென்ட் ராஜா எதெல்பெர்ட் போட்ட சட்டத்தில் இவன் வருகிறான். சுதந்திர மனிதனைக் கொன்றால் ஈட்டுத்தொகை 100 ஷில்லிங். ஒரு குடியானவனிடம் ரொட்டி தின்கிறவனைக் கொன்றால்? வெறும் 6 ஷில்லிங்!

இதைப் படித்தபோது என் அப்பா ஞாபகம் வந்தது. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். முதலாளியைப் பெயர் சொல்ல மாட்டார். 'நமக்குப் படியளக்கிறவர்' என்பார். கூலியை நெல்லாக அளந்து போட்ட காலத்துப் பேச்சு. அங்கே ரொட்டி, இங்கே நெல். சாவி இருந்தது ஒரே மாதிரி இடுப்பில்தான்.

27 வருஷம் கழித்து, அப்பாவுக்குக் கண் மங்கியதும், ஒரு வேட்டியும் ஒரு மாசச் சம்பளமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கும் அப்பா, "இத்தனை நாள் படியளந்தாரே, அது போதாதா?" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, அவரு அளந்தாரு, சரி. அந்தப் படியை ரொப்பினது யாரு?"

அப்பா பதில் சொல்லவில்லை.

லார்டும் லேடியும் இன்றைக்கும் அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஹ்லாஃபேட்டா மட்டும் புழக்கத்திலிருந்து போய்விட்டது. போனது வார்த்தைதான். ஆள் இருக்கிறான். முதல் தேதி காலையில், சம்பளம் ஏறிவிட்டதா என்று செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறானே... சாட்சாத் அவனேதான்!