மலையேறிய மதுரைக்காரன் - 3: பேரிஜம்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியது, வத்தலகுண்டு டீ, கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்துச் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். நேரே பேரிஜம் ஏரி.

கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி போகாது. யானை நடமாட்டம் என்றால் சீட்டும் கிடையாது. அந்தக் கெடுபிடியால்தான் கரையில் பஜ்ஜிக் கடையும் குதிரைச் சாணமும் இல்லை. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் இது. ஊருக்குள் இருக்கும் ஏரியைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அந்த ஊர் ஏரியை 1863-இல் உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச். 1985-இல் திண்டுக்கல் பிரியும்வரை கொடைக்கானல் நம் மாவட்டம்தான். அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

பேரிஜத்துக்குக் கூட்டிவந்த டாக்சித் தம்பிக்கு என் பைனாகுலர் பிடிக்கவில்லை. "பறவைதானேண்ணே? மதுரையில இல்லாத காக்காவா?" என்றவர், "வெயிட்டிங் தனி" என்றும் சேர்த்துக்கொண்டார். கிளம்பும்போது இதைச் சொல்லவில்லையே என்றேன். "கேக்கலையேண்ணே."

பைன் காட்டில் இறங்கினேன். சினிமாவில் ஆடிப்பாடும் அதே நெட்டை மரங்கள், செல்ஃபிக் கூட்டம். பறவை? ஒன்றிரண்டு கீச்சு, அவ்வளவுதான். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் இது. உதிர்ந்த ஊசியிலை மெத்தைபோல் மூடிக்கிடக்க, கீழே புதர் இல்லை. தின்னப் பழமும் இல்லை. போட்டோவுக்கு அழகு, குருவிக்குப் பட்டினி.

ஏரிப் பக்கம் வேலை பார்க்கும் வனக்காவலர் ஒருவர்தான் என்னைக் காப்பாற்றினார். "பைனுக்குள்ள நின்னா என்ன சார் கிடைக்கும்? சோலை ஓரமா வாங்க" என்று கூட்டிப்போனார். பாசி படர்ந்த குட்டை மரங்கள், முள்ளுப்பழப் புதர். நிற்கச் சொல்லிவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் புதருக்குள்ளிருந்து கெக்கெக்கேவென்று ஒரு சிரிப்பு; எதிர்ப் புதரிலிருந்து பதில் சிரிப்பு. பழனிச் சிரிப்பான்! வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டில் மட்டும் வாழ்கிற ஜாதி. ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பழனி மலையில் பிடித்ததை வைத்து 1869-இல் பிளான்ஃபோர்டு விவரித்தார். அறிவியல் பெயரில் இன்றும் பாதிரியார்தான் இருக்கிறார்.

பழத்தைக் கொத்துவதும் ஒன்றையொன்று விரட்டுவதுமாக அவை எங்களைச் சட்டை செய்யவே இல்லை. சற்றுத் தள்ளித் தாழ்ந்த கிளையில், கறுப்புத் தலையும் ஆரஞ்சு உடம்புமாக ஓர் ஈப்பிடிப்பான். காவலருக்கு அது தினசரி விருந்தாளி. சாயாவுக்குக் காசு நீட்டினேன். கோபித்துக்கொண்டார்.

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. வெயிட்டிங் 400 ரூபாய். பேரம் பேசினேன், இருமினார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மன்னவனூர். ஆட்டுப் பண்ணை, மழை, சகதி. சுருக்கமாகவே முடித்துவிடுவேன்.