துளையின் ஓரம்

மாத்தளை மாவட்டத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் வாகனம் ஒரே நாளில் இருவேறு காலநிலைகளைக் காண்கின்றது. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்தில் வறண்ட புழுதி; இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் மேட்டிலோ மூடுபனியும் மழையும். நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து இலுக்கும்புரப் பக்கம் இறங்குவோருக்கு ஜீப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயாளியை மாத்தளை வைத்தியசாலைக்கு ஏற்றிவருவதும், ஏலம், மிளகு மூடைகளைச் சந்தைக்குக் கொணர்வதும் அதுவே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், உள்ள வண்டியைத் துருவிலிருந்து காப்பதே பலருக்கு ஒரே வழியாயிருந்தது.

இரத்தோட்டை வீதியிலுள்ள சிறிய கராஜ் ஒன்றின் முதியவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். தேயிலைத் தோட்டமொன்றிலே லாண்ட் ரோவர் வண்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் பழகியவர் அவர். போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், 1948இல் வெளிவந்த அவ்வண்டியின் மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்தால் அமைத்தனர். அதிலே துளையிட்டால் நாளடைவில் வெண்ணிறத் தூள் தோன்றலாம், செந்துரு பரவுவதில்லை. இப்பழக்கமே பின்னர் அவரை ஏமாற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் உருக்குத் தகட்டாலான ஜப்பானிய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். புதிதாக மாட்டிய அகன்ற ரயர்கள் மட்காட்டுக்கு வெளியே நீண்டு, சேற்றையும் கல்லையும் கதவின்மீது வாரியடித்தன. அதனைத் தடுக்க மட்காட்டின் ஓரத்தில் அகன்ற பிளாஸ்டிக் விளிம்புகளைப் பூட்டவேண்டியிருந்தது. பாஸ் துளையிட்டார், திருகாணிகளை முடுக்கினார், மாலைக்குள் வேலை முடிந்தது. இரண்டு மழைக்காலங்கள் கழிந்தபின் விளிம்பைக் கழற்றியபோது, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வண்ணப்பூச்சு கொப்பளித்திருந்தது. தகட்டின் மடிப்பிலே விரல் நுழைந்தது. கூலி வாங்காமலே புதுத் தகடு வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அவருடைய ஒரு மாத வருவாய் அதிலே கரைந்தது. வண்டி நின்ற நாட்களில் அதன் உரிமையாளர் இழந்ததை அவரால் ஈடுசெய்ய இயலவில்லை.

துளையிடும்போது வண்ணப்பூச்சு கிழிந்து இரும்பு வெறுமையாகின்றது என்பது இதற்கு முதற் காரணம். அதனினும் நுட்பமான காரணமொன்றும் உண்டு. கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் இரும்பின்மீது உப்புநீர்த் துளியை இட்டு ஆராய்ந்தார். காற்று எளிதிற் சேரும் ஓரத்திலன்றி, ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதியிலேயே இரும்பு கரைந்தது. பிளாஸ்டிக் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே தங்கும் ஈரச்சேறும் அவ்வாறே தொழிற்படுகின்றது. மூடியிருப்பதால் பத்திரமென்று நாம் எண்ணும் இடமே விரைவில் அரிக்கப்படுகின்றது.

சென்ற ஆண்டு, பேராதனையில் பொறியியல் பயிலும் மாணவன் ஒருவன் தன் தந்தையின் ஜீப்பை அதே வேலைக்காகக் கொண்டுவந்தான்.

“பாஸ், பின்னேரத்துக்குள்ள முடிச்சுத் தருவீங்களா?”

“மூணு நாள் விட்டுட்டுப் போங்க தம்பி. அவசரம்னா வேற எடத்துல குடுங்க.”

மாணவன் வண்டியை விட்டுச்சென்றான்; ஆயினும் மூன்று நாளும் வந்து பார்த்தான். முதல் நாள் சக்கர வளைவின் உட்புறச் சேறு கழுவப்பட்டு, தகடு முற்றாகக் காயவிடப்பட்டது. பாஸ் ஏற்கெனவே இருந்த துளைகளை இயன்றவரை பயன்படுத்தினார். புதிய துளைகளின் பிசிறை அரத்தால் நீக்கி, சிதறிய இரும்புத்தூளைத் துடைத்தெடுத்தார். பின்னர் துளைகளின் ஓரமெங்கும் நாகம் கலந்த அடிப்பூச்சைத் தூரிகையாற் பூசினார். இரும்பினும் எளிதில் அரிப்புறும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். மறுநாள் அதன்மேல் வண்ணம் பூசி உலரவிட்டார். மூன்றாம் நாள் திருகாணிகளுக்கு நைலோன் வாசர் இட்டு, துளைகளை நீர்புகாப் பசையால் அடைத்தார். மணலின் உராய்விற் பூச்சுத் தேயாதிருக்க றப்பர்ப் பட்டி வைத்தார். புகும் நீர் வடியும்பொருட்டு அடிப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டார்.

துரு உண்டாகும் முறையை விளக்கும் சமன்பாடுகளை அம்மாணவன் பரீட்சையிலே எழுதியிருந்தான். எனினும், ஒரே மாலையில் துளையிட்டு முடிக்கச் சொன்னவனும் அவனே. பாஸோ தம் பிழையினாலன்றி வேறெவ்வழியாலும் இவற்றை அறியும் வாய்ப்பைப் பெறவில்லை. பொறியியற் பீடத்தின் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. கராஜின் பேச்சு தமிழிலும் சிங்களத்திலும் நிகழ்கின்றது. இவ்விடைவெளிக்கு அந்த முதியவர் ஒரு மாத உழைப்பை விலையாகக் கொடுத்தார்.

கடைசி நாளன்று மாணவன் வேலையின் ஒழுங்கையும் ஒவ்வொரு படிக்குமுரிய காரணத்தையும் எளிய தமிழில் ஒரு மட்டையில் எழினான் என்று சொல்வதைவிட, பாஸ் சொல்லச் சொல்ல எழுதினான் என்பதே பொருந்தும். காரணங்கள் அவனுடையவை, ஒழுங்கு அவருடையது. மழைக்காலம் முடிந்து வண்டி மீண்டும் வந்தபோது, கராஜில் வேலை பழகும் பையன் அம்மட்டையைப் பார்த்தவாறே முன்சக்கர விளிம்பைக் கழற்றினான். துளைகளைச் சுற்றிப் பூச்சுக் குலையாதிருந்தது. அடிமடிப்பில் மட்டும் மிளகளவான ஒரு பழுப்புப் புள்ளி தென்பட்டது. அதனைச் சுரண்டி, நாகப்பூச்சுப் பூசி, உலரும்வரை காத்திருக்கும்படி பாஸ் அவனைப் பணித்தார்.